மண் அடிக்கிற வண்டி: தப்பாக எடுத்துக் கற்றுக்கொண்டது

மண் வேலை நடக்கிற சைட்டுகளில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடமாக என் பொறுப்பு. எந்த வண்டி எடுக்கலாம், எத்தனை எடுக்கலாம், சொந்தமாக வாங்கலாமா வாடகைக்குப் பேசலாமா என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை. மண் எது, தூரம் எவ்வளவு, ரோடு எப்படி, ஏற்றுகிற மெஷின் எது என்று திருப்பிக் கேட்கிறேன். இந்த நாலையும் யோசிக்காமல் ஒருமுறை வண்டி எடுத்துவிட்டு மழைக்கு நடுவே மூன்று வாரம் பட்ட பாடு இருக்கிறதே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அது களிமண் சைட். மண் எடுக்கிற குழியிலிருந்து கொட்டுகிற இடம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 1.6 கன மீட்டர் பக்கெட் போட்ட எக்ஸ்கவேட்டர் ஒன்று, பத்துச் சக்கர டிப்பர் ஆறு. வேலை பின்தங்கிக்கொண்டே இருந்தது, சாயங்காலம் ட்ரிப் சீட்டை எண்ணினால் தினமும் கணக்கு இடிக்கும். எனக்கு ஒரே யோசனைதான் வந்தது: வண்டி சின்னது, பெரிய வண்டியாக வந்தால் ஒரு நடைக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். 36 டன் ஏற்றுகிற ரிஜிட் டம்பர், அதாவது நடுவில் மடங்காத ஒரே சேஸ் மேல் பாடி உட்கார்ந்த பெரிய சைட் வண்டி, மூன்றை வாடகைக்குப் பேசி வரவழைத்தேன்.

முதல் லோடு ஏற்றும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. அந்த மண் ஒரு பக்கெட்டுக்கு இரண்டரை டன்கூட வரவில்லை, வண்டி நிரம்ப 15 பக்கெட் போட வேண்டியிருந்தது. பாடியின் விளிம்பு டிப்பரைவிட நல்ல உயரம், எக்ஸ்கவேட்டரும் வண்டி நிற்கிற அதே தரையில் நின்றது, அதனால் ஆபரேட்டர் ஒவ்வொரு பக்கெட்டையும் மேலே மேலே தூக்கித் திருப்ப வேண்டி வந்து ஒரு பக்கெட்டுக்கு 30 விநாடி ஆனது. ஒரு வண்டிக்கு ஏழரை நிமிடம். பின்னால் அடுத்த வண்டி என்ஜினை ஓடவிட்டபடி நிற்கிறது. எக்ஸ்கவேட்டர் முன்பு மணிக்கு எவ்வளவு அள்ளியதோ அதைவிடக் குறைவாகத்தான் இப்போது அள்ளியது. இத்தனை நாளும் வேலையைப் பிடித்து வைத்திருந்தது ஏற்றுகிற இடம். நான் மாற்றியதோ சுமக்கிற வண்டியை.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற கணக்கு, ஒரு வண்டி மூன்று முதல் ஆறு பக்கெட்டுக்குள் நிரம்ப வேண்டும். இரண்டு பக்கெட்டில் நிரம்பினால் வண்டி சின்னது, ஒவ்வொரு பக்கெட்டும் பொத்தென்று விழுந்து சேஸையும் ஸ்பிரிங் பட்டையையும் உடைக்கும். எட்டு, பத்து என்று போனால் மெஷின் சின்னது அல்லது வண்டி பெரியது. அப்புறம், எக்ஸ்கவேட்டரை ஒரு மேடையின் மேல் நிறுத்தி வண்டியைக் கீழே நிறுத்துங்கள். மேடை உயரம் ஏறத்தாழ வண்டியின் பாடி விளிம்பு உயரம் இருந்தால் போதும், ஆபரேட்டர் பாடிக்குள் நேராகப் பார்த்துக் கொட்டலாம், மெஷினின் கையான பூமைத் தூக்குகிற நேரம் மிச்சம். திரும்புகிற கோணத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டி பக்கவாட்டில் தள்ளி நின்றால் மெஷின் கால்வட்டம் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சில விநாடிகளை இழக்கும், ஒரு ஷிப்டு முடிய அது எத்தனை லோடு என்று எண்ணிப் பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

சரி, இதாவது சமாளிக்கக்கூடியது. நாலாவது நாள் மழை வந்தது.

லோடோடு அந்த ரிஜிட் டம்பர் கிட்டத்தட்ட 70 டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் ஆக்சிலில், நாலு டயரின் மேல் உட்காரும். பின் சக்கரம்தான் தள்ளும், முன் சக்கரம் திருப்புவதற்கு மட்டும். நனைந்த களிமண்ணில் இதற்கு வழியே இல்லை. குழியிலிருந்து ஏறுகிற மேட்டில் முதல் வண்டி புதைந்தது, டோசர் போய் இழுத்தது, இழுத்த இடத்தில் பள்ளம் விழுந்தது, அந்தப் பள்ளத்தில் அடுத்த வண்டி புதைந்தது. மண் தள்ள வேண்டிய டோசர் பாதி நாள் வண்டி இழுத்துக்கொண்டிருந்தது.

பழைய டிப்பர் டிரைவர்களில் என்னைவிட நல்ல மூத்தவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க, இந்த ரோட்டுல நீங்க ஒரு தரம் நடந்து பாருங்க" என்றார். "சரிண்ணே, வாங்க போகலாம்" என்று இரண்டு பேரும் குழி வரைக்கும் நடந்தோம். நான் தினமும் ஜீப்பில் போன ரோடு அது. நடந்தபோதுதான் எங்கெங்கே ஷூ புதைகிறது, எங்கே தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது, எங்கே டயர் ஓடின தடம் வாய்க்கால் மாதிரி கிடக்கிறது என்று தெரிந்தது. இரும்பு ஸ்கேலை எடுத்துத் தடத்தில் வைத்துப் பார்த்தேன். பல இடத்தில் 10 சென்டிமீட்டர், மேட்டுக்குக் கீழே அதற்கும் மேல்.

அந்த 10 சென்டிமீட்டருக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வண்டி எடுப்பதில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. நன்றாக இறுகிய கெட்டி ரோட்டில் டயர் உருளுவதற்கே வண்டியின் மொத்த எடையில் சுமார் 2 சதவீத விசை செலவாகும். டயர் புதைகிற ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அதோடு சுமார் 0.6 சதவீதம் கூடும். 10 சென்டிமீட்டர் புதைந்தால் 2-உம் 6-உம் சேர்ந்து 8 சதவீதம். 70 டன் வண்டியில் அது ஐந்தரை டன்னுக்கு மேல், வண்டியை ஐந்தரை டன் விசையோடு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. சமதளத்தில் ஓடினாலும் என்ஜினுக்கு அது 8 சதவீத மேடு ஏறுகிற மாதிரிதான். எங்கள் குழி மேடே 8 சதவீதம், இரண்டும் சேர்ந்து 16. கம்பெனி கொடுக்கிற வரைபடத்தில் 16 சதவீதத்துக்கு நேராக என்ன வேகம் போட்டிருக்கிறது என்று பார்த்தால், மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம்தான். டயருக்குப் பிடிமானம் இருந்தால்தான் அந்த வேகமும். டீசல் எங்கே போகிறது, கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ரிஜிட் டம்பர்களைத் திருப்பி அனுப்பினேன். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, மோசமான இடங்களில் சேற்றை முழுசாக வழித்து எடுத்துவிட்டுச் சரளை போட்டு ரோலர் விட்டு, தண்ணீர் ஓரத்துக்கு ஓட நடுவில் 2, 3 சதவீதம் மேடாக இருக்கும்படி, ரோட்டை வழித்துச் சமன் செய்கிற கிரேடர் போட்டோம். மழைக்காலம் முடியும் வரை ஆர்டிகுலேட்டட் டம்பர் எடுத்தோம். நடுவில் மூட்டு மாதிரி மடங்குகிற வண்டி அது, ஆறு சக்கரமும் தள்ளும், டயர் அகலம், முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியாக முறுக்கிக்கொள்வதால் பள்ளத்திலும் எல்லாச் சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இந்த வகையை 1966-இலேயே வால்வோ வரிசையாகத் தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டது. புதைகிற தரையில் வேலை செய்யத்தான் இது பிறந்தது என்று ஒரு மழைக்காலம் ஓட்டினவருக்குப் புரியும்.

அதற்காக எங்கே போனாலும் ஆர்டிகுலேட்டட் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். மூட்டு, அதைக் கோக்கிற இரும்புப் பின், புஷ், டிரைவ் ஷாஃப்ட் என்று கிரீஸ் வைக்க வேண்டிய இடங்கள் அதில் அதிகம், கவனிக்காவிட்டால் செலவு இழுத்துவிடும். வெடி வைத்து உடைத்த பாறை, கெட்டியான நல்ல ரோடு, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வேலை என்றால் ரிஜிட் டம்பர்தான் லாபம், அதன் தடித்த பாடி கல் விழுவதைத் தாங்கும், நல்ல ரோட்டில் வேகமாகவும் போகும். பொதுச் சாலையில் ஏறி நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமென்றால் சாதாரண டிப்பர்தான், மற்ற இரண்டும் பொதுச் சாலைக்கான வண்டிகளே இல்லை. டிப்பரில் பெரிய பாறையைப் போட்டால் பாடித் தகடு நெளிந்துபோகும், நான் பார்த்திருக்கிறேன், முதலில் கொஞ்சம் பொடி மண்ணைப் போட்டு மெத்தை மாதிரி பரப்பிவிட்டு அதன் மேல் கல்லை இறக்கினால் ஓரளவு தாங்கும்.

எத்தனை வண்டி என்பதற்கு வருகிறேன். இதற்கு ஒரு வாட்ச் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை. ஒரு நாள் குழி ஓரம் நின்று எழுதிப் பாருங்கள். வண்டி பின்னால் வந்து சரியாக நிற்க 1 நிமிடம், ஏற்ற 4, லோடோடு போக 8, திருப்பிக் கொட்ட 2, காலியாகத் திரும்ப 5, மொத்தம் 20 நிமிடம். ஏற்றுகிற இடத்தில் ஒரு வண்டி எடுத்துக்கொள்வது 5 நிமிடம். இருபதை ஐந்தால் வகுத்தால் நாலு வண்டி. ஐந்தாவது வண்டி, வேறொன்று ரிப்பேரில் நிற்கும்போது மாற்றாக உதவும், ஆறாவது வந்தால் வரிசையில் நிற்கத்தான் வரும். நாங்கள் ஆறு வைத்திருந்தோம், இரண்டு எப்போதும் நின்றுகொண்டே இருந்தன, அதைப் பார்த்தும் பெரிய வண்டிதான் வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். இந்த நேரங்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டும், ஏனென்றால் குழி ஆழமாகும், கொட்டுகிற இடம் தள்ளிப் போகும், நாலு வண்டிக் கணக்கு மாறிவிடும்.

ட்ரிப் எண்ணிக்கையில் இன்னொரு சிக்கல், மண் உப்புகிறது. பூமிக்குள் இருக்கிற 1 கன மீட்டர் சாதாரண மண்ணைத் தோண்டிப் போட்டால் கால் பங்கு கூடும், களிமண் மூன்றில் ஒரு பங்கு போலக் கூடும், பாறை பாதிக்கு மேலேயே கூடும். 1000 கன மீட்டர் களிமண் எடுக்க வேண்டும் என்று ட்ராயிங்கில் இருந்தால், 14 கன மீட்டர் பாடிக்கு 71, 72 நடை என்று போட்டுவிடுவார்கள், உண்மையில் 90-ஐத் தாண்டும். கொட்டி ரோலர் விட்டபின் அதே மண் சுருங்கிவிடும். பேசும்போதே எந்த அளவு, தோண்டுவதற்கு முந்தையதா, வண்டியில் இருப்பதா, இறுக்கியபின் அளப்பதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறேன்.

பாடி நிரம்பியிருப்பதைப் பார்த்து லோடு சரி என்று நினைப்பதும் தப்பு. உலர்ந்த உதிரி மண் கன மீட்டருக்கு ஒன்றேகால் டன் இருக்கும், ஈர மணல் இரண்டு டன்னை நெருங்கும். 14 கன மீட்டர் பாடியில் ஒன்று பதினேழரை டன், மற்றது 27 டன் கிட்ட. ஒரே வண்டி, ஒரே விளிம்பு. அதனால் எடைமேடையில் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு லோடை நிறுத்திப் பார்த்துவிட்டு, எந்த மண்ணுக்கு எதுவரை என்று பாடியின் உள்பக்கம் பெயின்ட்டில் கோடு போட்டு வைக்கிறேன். பெரிய டம்பர்களுக்குக் கேட்டர்பில்லர் சொல்கிற ஒரு விதியையும் நான் எல்லா வண்டிக்கும் வைத்துக்கொள்கிறேன்: சராசரி லோடு வண்டியின் திறன் அளவே இருக்க வேண்டும், அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் போகிற லோடு பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, 20 சதவீதத்துக்கு மேல் ஒரு லோடுகூடப் போகக் கூடாது. அளவு தாண்டிய வண்டியில் பிரேக், டயர், ஸ்டீயரிங் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ட்ரிப்புக்கு இவ்வளவு என்று டிரைவருக்குக் காசு பேசினால் வேகம் கூடும், டன்னுக்கு இவ்வளவு என்று பேசினால் லோடு கூடும், இரண்டுமே வேண்டாம் என்பது என் முடிவு.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற சம்பவம். பொழுது சாய்ந்த நேரம், கடைசி நடை. ஈரக் களிமண், கொட்டுகிற இடம் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிவு, கண்ணுக்குத் தெரியாத அளவு. டிரைவர் பாடியைத் தூக்கினார், பின்பக்க மண் விழுந்தது, முன்மூலையில் இடது பக்கமாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு நின்றது. முழு உயரத்துக்குப் போன பாடியின் உச்சியில், ஒரு ஓரமாக மூன்று நாலு டன். அதை உதறிவிட வண்டியை முன்னால் எடுத்து டக்கென்று பிரேக் அடித்தார். நான் நாற்பது அடி தள்ளி நின்றேன். பின்சக்கரம் ஒன்று மெதுவாகத் தரையை விட்டு எழுந்தது தெரிந்தது, அதற்குப் பிறகு எல்லாம் இரண்டு விநாடி. சீட் பெல்ட் போட்டிருந்தார், தோளில் அடியோடு தப்பித்தார். வண்டி விழுந்த பக்கத்தில்தான் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கைகாட்டுகிற பையன் நின்றிருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் சைட்டில் கொட்டுகிற இடத்தை டோசர் சமன் செய்யாமல் வண்டி உள்ளே வராது. பாதி தூக்கினதும் நிறுத்திக் கண்ணாடியில் பார்க்க வேண்டும், மண் ஒரே சீராக வருகிறதா என்று. ஒட்டிக்கொண்டால் உதறக் கூடாது, இறக்கிவிட வேண்டும், எக்ஸ்கவேட்டரை வைத்துச் சுரண்டி எடுக்கலாம். தூக்கின பாடி எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரத்துக்குப் பக்கவாட்டில் ஆள் நிற்கக் கூடாது. மடங்குகிற வண்டி என்றால் முன்னும் பின்னும் நேர்கோட்டில் வந்தபிறகே தூக்க வேண்டும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் கொட்டவே வேண்டாம். தப்பித்தவறி பாடி கம்பியில் பட்டுவிட்டால் டிரைவர் உள்ளேயே இருக்க வேண்டும், யாரும் கிட்டே போய் வண்டியைத் தொடக் கூடாது, தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் சின்னச் சின்னதாக நகர்ந்து விலக வேண்டும். இதை நாங்கள் எல்லா டிரைவர்களையும் செய்து காட்டச் சொல்லிப் பழக்கினோம்.

மேட்டின் விளிம்பில் நேராகக் கொட்டுவதும் கிடையாது. விளிம்புக்கு முன்னாலேயே கொட்டிவிட்டு டோசர் தள்ளட்டும், புதிதாகப் போட்ட மண் விளிம்பு எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரோட்டோரம் பள்ளம் இருக்கிற இடமெல்லாம் மண்திட்டு வேண்டும், சைட்டில் ஓடுகிற பெரிய வண்டியின் டயரில் பாதி உயரமாவது. இரண்டு வழி ரோடு என்றால் அகலமான வண்டியைப் போல மூன்று முதல் மூன்றரை மடங்கு அகலம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் இருந்தால் அந்த டிரைவரை லோடு வண்டியில் உட்கார வைக்காதீர்கள், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். எந்த கியரில் அந்த மேட்டை ஏறுமோ அந்த கியரிலோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும், கால் பிரேக் இல்லாமலே வண்டியை மட்டுப்படுத்துகிற ரிடார்டரோ என்ஜின் பிரேக்கோ வேகத்தைப் பிடிக்க வேண்டும், கால் பிரேக் நிறுத்துவதற்கு. கருகின வாசனை வந்தபிறகு பிரேக்கை நம்ப முடியாது. தூசிக்குத் தண்ணீர் அடிக்கும்போதும் இறக்கத்தில் முழுசாக நனைக்காமல் இடைவெளி விட்டு அடிக்கச் சொல்லுங்கள், தொடர்ச்சியாக நனைந்த இறக்கம் சோப்பு மாதிரி வழுக்கும்.

டயரைப் பற்றி ஒன்று மட்டும். நான் சொன்ன அந்த மூத்த டிரைவர் தினமும் காலையில் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எல்லா டயரையும் தட்டிக்கொண்டு போவார். நல்ல டயர் டங்கென்று கம்பியைத் திருப்பித் தள்ளும், காற்று போன டயர் பொதக்கென்று ஒலிக்கும். இரட்டை டயரில் உள்ளே இருப்பது காற்று போய்விட்டால் வெளியே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது, மொத்த எடையையும் வெளி டயர் சுமந்து அன்று மதியமே வெடிக்கும். அவர் தட்டுவார், நான் பின்னாலேயே கேஜ் வைத்துப் பார்ப்பேன், ஆறின டயரில். இரண்டு டயருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கல்லையும் அப்போதே எடுத்துவிடுவோம், ஓடுகிற வேகத்தில் அது தெறித்தால் பின்வண்டிக் கண்ணாடி போகும், ஆள் மேல் பட்டால் அவ்வளவுதான்.

வாடகைக்கு வண்டி பார்க்கப் போகும்போது பெயின்ட்டை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் குனியுங்கள். பாடி மடங்குகிற கீல் பக்கத்தில் சேஸில் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா, தூக்குகிற சிலிண்டரில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். பாடியைத் தூக்கி நிறுத்தித் தள்ளி நின்று பத்து நிமிடம் பாருங்கள், தானாக இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். தாங்குகட்டை போடாமல் தூக்கின பாடிக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள், ஒரு நிமிட வேலைதானே என்றாலும். மடங்குகிற வண்டியில் நடுமூட்டில் ஆட்டம் எவ்வளவு என்று மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும்.

இப்போதும் புது வண்டி சைட்டுக்கு வந்தால் முதல் நடையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு நான் உட்கார்ந்துகொள்கிறேன். கையில் ஒரு நோட்டு. எங்கே கியர் இறங்குகிறது, எங்கே டிரைவர் காலைத் தளர்த்துகிறார், எங்கே முதுகில் அடி விழுகிறது என்று குறித்துக்கொண்டே போவேன். திரும்பி வந்து இறங்கியதும் அந்தப் பக்கத்தைக் கிழித்து கிரேடர் ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுவேன்.